பதின்மூன்று அங்குலத்தில் ஒரு முகம்

கோபு என்கிற கோபாலகிருஷ்ணன் கொல்கத்தாவில், துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில் பிறந்தவர். அவருடைய அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். கோபுவும் படிப்பை முடித்ததும் அதே கிடர்பூரில், கப்பல் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்துவிட்டார். இருபது வருஷமாக அங்கேதான். கல்யாணமாகி, மனைவி ஷியாமளாவுக்கு நியூ டவுனில் பள்ளிக்கூட வேலை கிடைத்ததும் குடும்பம் அந்தப் பக்கம் குடிபெயர்ந்தது. அலுவலகம் நகரத்தின் ஒரு கோடி, வீடு இன்னொரு கோடி. காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போயிற்று.

அவரை ஊர்த் தமிழர்களுக்குத் தெரிந்தது சுங்க வேலையால் அல்ல, கேமராவால். சீமந்தம், பூணூல், அறுபதாம் கல்யாணம், பூஜைப் பந்தல் என்று எந்த சனி ஞாயிறையும் அவர் வீட்டில் கழித்ததில்லை. நல்ல கேமரா வைத்திருந்தார். அது எடுக்கும் ஒவ்வொரு படமும் ஐம்பது, அறுபது எம்பி. ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம் படம் சேரும். வீட்டில் இருந்த ஒரே லேப்டாப்பைப் பகலில் ஷியாமளாவும் மாலையில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் தீப்தியும் பங்கு போட்டுக்கொண்டார்கள். படங்களைச் சரிசெய்து கொடுக்க கோபுவுக்கு நேரம் இருந்தது பஸ்ஸில் மட்டும்தான்.

அதனால் ஒரு டேப்லெட் வாங்குவதென்று முடிவு செய்தார். ஒரு மாதம் அதே பேச்சு. எதிர் ஃப்ளாட்டில் இருந்த சுஜித், ஐ.டி.க்காரன், வங்காளி வழக்கப்படி அண்ணாவைத் தாதா என்பவன், "தாதா, மெமரி எட்டு ஜிபின்னா தொடாதீங்க, பதினாறு பாருங்க" என்றான். முதலில் மலிவான ஒன்றை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்தார். ஒரு படம் திறக்க முக்கால் நிமிஷம் ஆனது. மூன்றாவது படத்தில் ஆப் தானாகவே மூடிக்கொண்டது.

பிறகு ஒரு சனிக்கிழமை, கொல்கத்தாவிலேயே கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சாந்தினி சௌக்குக்குத் தன்னுடைய மெமரி கார்டையும் கார்டு ரீடரையும் எடுத்துக்கொண்டு போனார். கடைக்காரன் காட்டிய மாதிரிப் படங்களை அவர் பார்க்கவே இல்லை. தன்னுடைய கனமான படங்களைத் தானே ஏற்றி, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று செல்போனில் கணக்கெடுத்தார். கடை நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களை வேண்டுமென்றே ஆட்டிக்கொண்டு, அந்த ஆட்டத்தில் பேனா கோடு தவறுகிறதா என்று பார்த்தார். வெயிலில் திரை தெரிகிறதா என்று தெருவுக்கே எடுத்துப்போய்ப் பார்த்தார். பின்னாலேயே கடைக்காரனும் ஓடி வந்தான்.

கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று பதினொரு அங்குலம், இன்னொன்று பதின்மூன்று.

"சின்னதே போதுங்க" என்றாள் ஷியாமளா. "பெரிசு வாங்கினா நீங்க என்ன பண்றீங்கன்னு பஸ்ஸே பாக்கும்."

"பாத்தா பாக்கட்டுமே. நான் என்ன திருட்டு வேலையா பண்றேன்?"

பதின்மூன்று அங்குலம்தான் வந்தது. இருந்ததிலேயே பளிச்சென்ற திரை. மறுநாளிலிருந்து ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, அதை மடியில் விரித்து, பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு கோபு போகும்போது அக்கம்பக்கத்து சீட்டில் பேச்சு நிற்கும். "ஆரே பாஹ்!" என்று வியப்பார்கள். கோபு தலை நிமிராமல் வேலையைத் தொடர்வார். ஆனால் காது அங்கேதான் இருக்கும்.

அந்தத் தை மாதம் அவருக்குக் கிடைத்தது மிருதுளாவின் கல்யாணம். மிருதுளா திருச்சிப் பெண், நியூ டவுனில் மென்பொருள் வேலை. மாப்பிள்ளை அபிநவ் கொல்கத்தாவிலேயே வளர்ந்தவன். கோபு இருந்த அதே குடியிருப்பில் இரண்டு பிளாக் தள்ளி, தாயார் சௌந்தரத்தோடு இருந்தான். சௌந்தரத்தை கோபுவுக்குப் பல வருஷப் பழக்கம்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் மிருதுளா கோபுவைப் பார்க்க வந்தாள். அவளுக்கு வலது கண்ணைச் சுற்றியும் உதட்டோரத்திலும் வெண்திட்டுகள் இருந்தன. விரல் நுனிகளிலும் இருந்தன. அவள் சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணா, ஒரே ஒரு விஷயம். என் முகத்துல எதையும் மாத்தக் கூடாது. இது எனக்குப் பதினோரு வயசுல வந்தது. பத்தாவது ஹால் டிக்கெட் போட்டோல ஸ்டூடியோக்காரர் எங்களைக் கேக்காமலே அழிச்சுட்டார். பரீட்சை ஹால்ல மேடம் என்னை எழுப்பி நிக்கவெச்சு, இது நீதானான்னு கேட்டாங்க. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் எழுதவே முடியல."

"ச்சே ச்சே, தொடவே மாட்டேம்மா" என்றார் கோபு. "உள்ளது உள்ளபடிதான்."

உண்மையாகவே சொன்னார். அன்று இரவு சாப்பிடும்போது ஷியாமளாவிடமும் தீப்தியிடமும் அந்த ஹால் டிக்கெட் கதையைச் சொல்லி, "என்ன தைரியமான பொண்ணு பாரு" என்று வியந்தார். தன்னிடம் நம்பிச் சொன்னாளே என்ற பெருமையும் அந்தப் பேச்சில் இருந்தது.

கல்யாணம், தமிழர்கள் அதிகம் இருக்கும் லேக் பகுதியில் ஒரு மண்டபத்தில் நன்றாக நடந்தது. மறுநாள் மத்தியானம் சௌந்தரம் போன் செய்தார்.

"கோபு, ஆல்பத்தை என் தங்கச்சிங்க மூணு பேர் வீட்டுக்கும் அனுப்பணும். அவங்க வீட்டுக்கு வரவங்க போறவங்க எல்லாம் பாப்பாங்க. கொஞ்சம் அந்த வெள்ளையை மட்டும் சமமாக்கிடேன். அவ தங்கமான பொண்ணுடா. யாரும் அவளை ஒண்ணு சொல்லிடக் கூடாது, அதான்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். மிருதுளாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். "பாத்துக்கறேன் அக்கா" என்றார் கோபு. போனை வைத்ததும், இரண்டு தொகுப்பாகச் செய்துவிடலாம், ஒன்று பெண்ணுக்கு, ஒன்று மாமியாருக்கு, யாருக்கும் வருத்தமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்த ஆறு நாள் பஸ்ஸில் அதுதான் வேலை. தோலின் நிறத்தைப் பக்கத்திலிருந்து எடுத்து வெண்திட்டின் மேல் மெல்ல மெல்லப் பூச வேண்டும். மஞ்சள் வெளிச்சம் விழுந்த இடத்தில் ஒரு நிறம், நிழலில் வேறொரு நிறம். கைதேர்ந்தவர்களுக்கே சவாலான வேலை. கோபுவுக்கு அது பிடித்துப்போயிற்று. ஐந்தாவது நாளுக்குள் எது ஒட்டியது, எது இயல்பு என்று அவருக்கே தெரியாத அளவுக்குக் கை பழகிவிட்டது.

ஏழாவது நாள் காலை. பஸ் நார்க்கெல்பாகானைத் தாண்டியிருந்தது. கூட்டம். திரை முழுக்க மிருதுளாவின் முகம். கண்ணோரத்தை அத்தனை பெரிதாக்கி கோபு வேலை செய்துகொண்டிருந்தார். பக்கத்து சீட்டில் டிபன் பையோடு உட்கார்ந்திருந்த வங்காளி அம்மாள் ஒருவர், "தாதா, முன்னால் எப்படி இருந்தது?" என்று அவர் மொழியில் கேட்டார்.

கோபு திரையில் ஒரு மூலையை விரலால் அழுத்தினார். பழைய முகம் வந்தது. விரலை எடுத்தார். புது முகம் வந்தது.

"ஐயோ பாவம், சின்னப் பெண்ணுக்கு இப்படியா" என்றார் அந்த அம்மாள். "நீங்கள் எவ்வளவு நல்ல காரியம் செய்கிறீர்கள்!"

நின்றுகொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவன் குனிந்து, "இன்னொரு தரம் காட்டுங்கள்" என்றான். கோபு காட்டினார். பின் சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்காக மூன்றாவது தரமும் காட்டினார். அழுத்தினால் வெண்திட்டு, எடுத்தால் இல்லை. "தாருண்!" என்று வங்காளியில் மெச்சினான் மாணவன். கோபு சிரித்துக்கொண்டார்.

"கோபு அண்ணா."

தமிழ்க் குரல். திரும்பினார். மாணவனுக்குப் பின்னால், கம்பியைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சோடு ஒரு ஃபைலை அணைத்தபடி மிருதுளா நின்றிருந்தாள். பாஸ்போர்ட் வேலையாக லீவு போட்டு, வழியில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, நார்க்கெல்பாகானில் ஏறியிருக்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"அது நான்தானே?"

டிபன் பை அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். மாணவனும் பார்த்தான். பின் சீட்டுக்காரரும் பார்த்தார். ஒரே முகம் இரண்டு இடத்தில் இருப்பதை அத்தனை பேரும் ஒப்பிட்டார்கள். கோபு திரையை அணைக்கப் பார்த்தார். விரல் எங்கேயோ பட்டு முகம் இன்னும் பெரிதாயிற்று.

"இல்லம்மா… இது வந்து… நானா பண்ணல. உங்க மாமியார்தான் போன் பண்ணிக் கேட்டாங்க."

"அத்தையா? எப்போ?"

"கல்யாணத்துக்கு மறுநாள்."

அவள் கம்பியை மாற்றிப் பிடித்தாள்.

"மறுநாளா" என்றாள். "அன்னைக்குக் காலைல அவங்கதான் எனக்குத் தலைவாரி விட்டாங்க."

பிறகு கண்டக்டரைப் பார்த்து, "நாம்போ, நாம்போ" என்று இறங்குவதற்குக் குரல் கொடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போனாள். அவள் இறங்க வேண்டியது சயன்ஸ் சிட்டியில். இறங்கியது அதற்கு முன்னாலேயே, சிங்க்ரிகாட்டாவில். கோபு எழுந்திருக்கப் பார்த்தார். மடியில் டேப்லெட், அதில் செருகிய கார்டு ரீடர், தொங்கும் ஒயர், காலடியில் பை. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. பக்கத்து அம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்ப முடியாமல், டிபன் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கிடர்பூர் வரை யாரும் அவரோடு பேசவில்லை.

அலுவலகத்தில் ஒரு கொள்கலனின் எண்ணை மூன்று முறை தப்பாக அடித்தார். பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் குறுகிப்போன அந்த நேரத்தைவிட, தான் சொன்ன முதல் வார்த்தைதான் அவரைக் குத்தியது. நானா பண்ணல. ஆறு நாள் ரசித்துச் செய்துவிட்டு, மாட்டிக்கொண்டதும் ஒரு வயதான பெண்ணைத் தூக்கி முன்னால் போட்டாயிற்று. கல்யாணமாகிப் பத்து நாள் ஆகாத வீட்டில்.

மன்னிப்புக் கேட்க அன்றே போயிருக்கலாம். போகவில்லை. மறுநாளிலிருந்து அரைமணி முன்னதாகக் கிளம்பி வேறு பஸ் பிடித்தார். குடியிருப்பின் பெரிய வாசலை விட்டுப் பின்வாசலால் போய் வந்தார். டேப்லெட் அலமாரியில் துணிகளுக்கு அடியில் போயிற்று. "ஏங்க, அதை எடுத்துட்டுப் போறதில்லையா?" என்று ஷியாமளா கேட்டதற்கு, "ரொம்பச் சூடாகுது, கடையில கேக்கணும்" என்றார். சாந்தினியில் அத்தனை சோதித்து வாங்கிய சாமான் மேல் பழியைப் போட்டபோதும் வெட்கமாக இருந்தது.

பஸ்ஸில் அது நடந்த ஒன்பதாம் நாள் மாலை சௌந்தரம் கூப்பிட்டார். கோபு கைவேலையாக இருந்ததால் ஷியாமளாதான் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான் உன்னை நம்பிச் சொன்னேன் கோபு. நீ அவகிட்டயே போட்டுக் குடுத்துட்டியே. அவ என்னை அத்தைன்னு கூப்பிடறதையே விட்டுட்டா. சாப்பிடுங்க, படுங்க, அவ்வளவுதான் பேசறா. ஒரு சண்டை போட்டாக்கூடத் தேவலை."

பதிலுக்கு நிற்காமல் சௌந்தரமே போனை வைத்தார். ஷியாமளா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவர் முழுவதையும் சொன்னார். மூன்று தடவை காட்டியதையும் சொன்னார். "அந்தப் பொண்ணு சொன்ன ஹால் டிக்கெட் கதையை நீங்கதானே எங்களுக்குச் சொன்னீங்க?" என்று மட்டும் அவள் கேட்டாள்.

உள்ளறையிலிருந்து தீப்தி வந்து நின்றாள்.

"அப்பா, என் போட்டோலயும் மாத்தியிருக்கியா?"

தீப்தியின் மோவாயில் ஒரு தழும்பு உண்டு. ஆறு வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்தது. நாலு வருஷமாக எடுத்த ஒவ்வொரு பிறந்தநாள் படத்திலும் கோபு அதை எடுத்துவிட்டிருந்தார். பெண் பிள்ளை ஆயிற்றே, நல்லதுக்குத்தானே என்று.

"ஆமாம்மா" என்றார்.

"எனக்குத் தெரியும். ஸ்கூல்ல ஒருத்தி, உனக்கு இந்தத் தழும்பு எப்ப வந்துதுன்னு கேட்டா. சின்ன வயசுலயேன்னு சொன்னேன். பொய்யின்னு சொல்லி என் பழைய போட்டோவையே எடுத்துக் காட்டினா. நான்தான் பொய் சொல்றேன்னு ஆயிடுச்சு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோபு டேப்லெட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பிளாக் தள்ளி நடந்தார். அபிநவ் கதவைத் திறந்தான். "வாங்க" என்றான். வழக்கமாக வரும் 'அண்ணா' வரவில்லை. மிருதுளா சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. சௌந்தரம் அங்கே இருந்தார்.

கோபு நிறைய யோசித்து வைத்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு நின்றபடியே சொன்னார்.

"உங்க மாமியார் கேட்டது நிஜந்தாம்மா. ஆனா அவங்க கேட்டது ஒரு நிமிஷம். நான் செஞ்சது ஆறு நாள். முடியாதுன்னு அவங்ககிட்ட சொல்லல, செய்யட்டுமான்னு உங்ககிட்டயும் கேக்கல. பஸ்ல காட்டினேனே, அதை யாரும் பண்ணச் சொல்லல. நல்லா வந்திருக்குன்னு பெருமை. அப்புறம் மாட்டிக்கிட்டதும் அவங்க பேரைச் சொல்லித் தப்பிச்சுக்கப் பாத்தேன். அதுக்கெல்லாம் சேத்துத்தான் மன்னிப்பு கேக்க வந்தேன்."

"எத்தனை போட்டோ மாத்தினீங்க?"

"நாப்பத்தொண்ணு."

"காட்டுங்க."

அவர் திறந்து மேசையில் வைத்தார். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஒன்றையும் விடவில்லை. அபிநவ் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, பிறகு பார்க்க முடியாமல் ஜன்னலருகே போய்விட்டான். மிருதுளாவைப் பெற்ற அம்மா அவளுக்குப் பூ வைத்துவிடும் படம் வந்ததும் அவள் நிறுத்தினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல நான் அம்மா மாதிரியே இருக்கேன்" என்றாள். "யாரும் என்னை அப்படிச் சொன்னதே இல்ல."

கோபுவுக்குத் தரையைப் பார்க்க வேண்டியிருந்தது. அவளுக்குள் அப்படி ஓர் ஆசை இருந்திருந்தால் அதைத் தொடவும் தனக்கு உரிமையில்லை என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"எப்படி அழிக்கறது?" என்று கேட்டாள் மிருதுளா. கோபு சொன்னார். அவளே நாற்பத்தொன்றையும் தேர்ந்தெடுத்து, தன் கையாலேயே அழித்தாள்.

சௌந்தரம் உள்ளறை வாசல்படியில் வந்து நின்றிருந்தார். "நான்தாம்மா ஆரம்பிச்சது" என்றார். "என் தங்கச்சிங்க வாயைப் பத்தி பயந்தேன். உன்னைப் பத்தி நினைக்கல."

"தெரியும் அத்தை" என்றாள் மிருதுளா. சௌந்தரம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

மிருதுளா டேப்லெட்டைக் கோபுவின் பக்கம் தள்ளினாள். "ஒரிஜினல் எல்லாத்தையும் ஒரு ஹார்ட் டிஸ்க்ல போட்டுக் குடுத்துடுங்க. ஆல்பம் நாங்க வேற ஒருத்தரைவெச்சுப் பண்ணிக்கறோம்." கோபமாகச் சொல்லவில்லை. அவர் அன்று சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்தார். கல்யாணத்தில் தான் எடுத்த படங்கள் எப்படி அச்சாயின என்று இன்றுவரை அவர் பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் ஷியாமளா ஒரு யோசனை சொன்னாள். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் திரை கறுப்பாகத் தெரியும்படி ஒரு ஃபிலிம் கிடைக்கிறதாம், ஒட்டிக்கொண்டால் பஸ்ஸில் நிம்மதியாக வேலை செய்யலாமே என்றாள்.

"அது ஒட்டியிருந்தா அன்னைக்கு அவ பாத்திருக்க மாட்டா" என்றார் கோபு. "நான் பாதியில நிறுத்தியிருக்கவும் மாட்டேன்."

இப்போது பஸ்ஸில் அவர் படங்களைத் தேர்ந்தெடுப்பதோடும் வெளிச்சம் கூட்டிக் குறைப்பதோடும் சரி. முகத்துக்கு அருகில் போக வேண்டியதெல்லாம் வீட்டில், அதுவும் கேட்டுக்கொண்ட பிறகுதான். பங்குனியில் ஒரு சீமந்தத்தில், கண்ணுக்குக் கீழே கருப்பு தெரிகிறது, எடுத்துவிடுங்கள் என்று அந்தப் பெண்ணே கேட்டாள். எடுத்தார். வீட்டுக்குப் போய் இன்னொரு தரம் போன் செய்து, "நிச்சயமாத்தானே?" என்று கேட்டார். அவள் சிரித்தாள். தீப்தியின் பழைய படங்களில் மூலப்படம் இருந்தவற்றை மட்டும் மறுபடி திறந்து அப்படியே அச்செடுத்துக் கொடுத்தார். இரண்டு வருஷத்துப் படங்களுக்கு மூலம் இல்லை.

சித்திரையில் வங்காளப் புத்தாண்டுக்குக் குடியிருப்புத் தோட்டத்தில் எல்லோரும் கூடினார்கள். தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். கோபு கேமரா கொண்டுவரவில்லை. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. மிருதுளா தன் போனைக் காவல்காரரிடம் கொடுத்து, எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று வங்காளியில் சொல்லிவிட்டு வந்தாள். கோபு ஷியாமளாவுக்குப் பின்னால், வரிசையின் கடைசியில், பாதி மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவள் கடந்து போகும்போது அவருக்குக் காது சூடாயிற்று. இரண்டு மாதமாகியும் அது குறையவில்லை.

அவள் தன் இடத்துக்குப் போய் நின்றாள். தலையை நீட்டி வரிசையைப் பார்த்தாள்.

"கோபு அண்ணா, கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க" என்றாள். "கட் ஆயிடுவீங்க."

அவர் ஓரடி உள்ளே நகர்ந்து நின்றார்.